இத்தாலிக்கு ஒரு பயணப் பூசை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கோயிலுக்குப் போய், பயணம் சுகமா அமையணும்னு ஒரு பூசை கேட்டுட்டு வரணும். சின்னப் பிள்ளைகூட செஞ்சிட்டு வந்துரும்.

என்னை அனுப்பினதுதான் தப்பு.

இது எழுபதுகள்ல நடந்தது. நான் அப்போ தூத்துக்குடியில ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல கிளார்க்கு. காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் ஜெனோவா, வெனிஸ்னு டைப் அடிக்கிற வேலை. அடிச்ச ஊர் ஒண்ணையும் கண்ணால பாத்ததில்ல. நான் போன தூர தேசம் மதுரை.

என் மனைவி பிலோமினாவோட தங்கச்சி றோசி கன்னியாஸ்திரி. பள்ளிக்கூடம் முடிச்ச கையோட இத்தாலி மடத்துக்குப் போனவ, எட்டு வருஷமா ஊர்ப்பக்கம் வரல. இப்போ அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு. இனி உயிர் உள்ளவரைக்கும் மடம்தான்னு பீடத்துக்கு முன்னால வாக்குக் குடுக்கிற நாள். கப்பல்ல வேலை பாக்கிற எங்க மச்சான், நம்ம வீட்டு ஆள் யாராவது அவ பக்கத்துல நிக்கணும்னு சொல்லி எங்க ரெண்டு பேருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பிட்டார்.

மொத்தம் பத்து நாள். அங்கதான் சண்டை ஆரம்பிச்சுது.

றோசி இருக்கிற மடம் வடக்க மலையடிவாரத்துல ஒரு பட்டிக்காடு. பத்து நாளும் அங்கதான்னு பிலோமினா சொன்னா. இத்தாலி வரைக்கும் போயிட்டு ரோமாபுரியைப் பாக்காம வந்தா ஊரே சிரிக்கும்னு நான் சொன்னேன். ரோமாபுரின்னா சரி, ஜெனோவாவும் வெனிஸும் எதுக்குன்னு கேட்டா. தெரிஞ்ச வாத்தியார்கிட்ட ஒரு அட்லஸ் இரவல் வாங்கிட்டு வந்து, தரையில விரிச்சு, ராத்திரி சாப்பாடு ஆறுற வரைக்கும் மல்லுக்கட்டினோம். கடைசியில பட்டணம் அஞ்சு நாள், நாட்டுப்புறம் அஞ்சு நாள்னு ராசியானோம். அவ்வளவு நியாயமான மனுஷன் நான்!

பூசைக்குச் சொல்லக் கிளம்பும்போது பிலோமினா ஒரே ஒரு கண்டிஷன் போட்டா.

"பயண சுகத்துக்குன்னு மட்டும் சொல்லுங்க. எந்த ஊருன்னு மூச்சு விட்றாதீய."

காரணம் இருக்கு. எங்க ஊர்ல யாராவது கடல் தாண்டிப் போறாங்கன்னு தெரிஞ்சா, அங்க பிள்ளைகள் இருக்கிற அத்தனை வீட்ல இருந்தும் பொட்டலம் வந்துரும். மாட்டேன்னு சொல்ல முடியாது. சொன்னா அடுத்த தலைமுறை வரைக்கும் கல்யாணத்துக்கு அழைப்பு வராது. எங்க கோயில் பங்குல இருந்து இத்தாலி மடங்களுக்குப் போன பெண்பிள்ளைகள் கொஞ்சநஞ்சம் இல்ல.

கோயில்ல உபதேசியார் இருந்தார். பூசைக்கருத்து எழுதி, பூசைக்கு முன்னால அதை வாசிக்கிறவர் அவர்தான். பயண சுகம்னேன். எழுதிக்கிட்டார். நான் வீட்டுக்கு வந்திருக்கணும்.

"பயணம் எங்கன, தம்பி? திருச்செந்தூரா?" அப்படின்னார்.

திருச்செந்தூராம்! அந்த நக்கலை என்னால தாங்க முடியல. இத்தாலின்னு சொல்லிட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தார். வாழ்க்கையில அதுவரைக்கும் யாரும் என்னை அப்படிப் பாத்ததில்ல. அந்த ஒரு பார்வைக்கு மயங்கி ரோமாபுரி, ஜெனோவா, வெனிஸ்னு மொத்தத் திட்டத்தையும் கொட்டினேன். வெறும் பட்டணம்தானான்னு கேட்டார். விவரமான ஆளுக வெறும் பட்டணம் பாக்க மாட்டாங்க, நாட்டுப்புறமும் சரிபாதி வச்சிருக்கோம்னு விளக்கமா வேற எடுத்துச் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை. கோயில் நிறைஞ்ச கூட்டம். உபதேசியார் தொண்டையைச் செருமினார்.

"இன்றைய திருப்பலி, சேவியர், பிலோமினா தம்பதியர் இத்தாலி தேசத்தில் ரோமாபுரி, ஜெனோவா, வெனிஸ் ஆகிய பட்டணங்களுக்கும், மற்றும் அத்தேசத்து நாட்டுப்புறங்கள் யாவற்றுக்கும் மேற்கொள்ளும் பயணம் சுகமாய் நிறைவேறும்படி ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

யாவற்றுக்கும்! அதை நான் சொல்லவே இல்ல. அவரா சேத்துக்கிட்டார்.

பெண்கள் பக்கம் திரும்பிப் பாத்தேன். பிலோமினா முக்காட்டுக்குள்ள இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அன்னைக்குப் பூசையில நான் ரொம்ப உருக்கமா வேண்டிக்கிட்டேன்.

பூசை முடிஞ்சு வாசலுக்கு வந்தா, லூர்தம்மாள் அக்கா நிக்காங்க. மகளை மடத்துக்கு அனுப்பினவங்க.

"நாட்டுப்புறம் பூரா போறியளாமே அண்ணாச்சி. எம்மவ மடமும் நாட்டுப்புறந்தான். ஒரு சின்னப் பொட்டலம்."

சின்னப் பொட்டலம் சாயங்காலமே வந்துச்சு. ஒரு பிரம்புக்கூடை நிறைய சீலாக் கருவாடு.

ஒண்ணை வாங்கியாச்சுன்னா அடுத்ததை வேண்டாம்னு சொல்ல எந்த முகத்தை வச்சுக்கிறது? மறுநாள் மாசிக் கருவாட்டுத் தூள் வந்துச்சு. அதுக்கப்புறம் கருப்பட்டி, எலுமிச்சை ஊறுகாய், ரெண்டு டின் மக்ரூன். விமானத்துல இருபது கிலோவுக்கு மேல ஏத்த மாட்டான்னு கெஞ்சிப் பாத்தேன். உங்க துணிமணியைக் குறைச்சுக்கிடுங்கன்னு ஒரு அம்மா யோசனை சொன்னாங்க. மடத்துல துவையல் அரைக்க வழியில்லாம மக தவிக்கான்னு இன்னொருத்தங்க ஒரு அம்மிக்கல்லைக் கொண்டு வந்து இறக்கினாங்க. குழவியோட!

தூரத்தைச் சொல்லித் தப்பிக்கலாம்னு பாத்தேன். அதுவும் எடுபடல. அங்க மடம் எல்லாம் பக்கம் பக்கந்தான்னு ஒரு அம்மாவுக்கு மக எழுதியிருக்காளாம், இங்க இருந்து சாத்தான்குளம் போற தூரம்தான் இருக்குமாம். அட்லஸ்ல பாத்தா ஒரு மடம் தேசத்தோட மேல்முனையில இருக்கு, ஒண்ணு அடிமுனையில கடலுக்குள்ள கால் நீட்டிக்கிட்டு இருக்கு.

இந்த இடத்துலதான் நான் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செஞ்சேன். மடம் எல்லாம் நாட்டுப்புறம். அப்போ பொட்டலம் குடுக்க ஆகிற நாளும் நாட்டுப்புறக் கணக்குலதானே சேரணும்? அப்படியே பென்சிலால அட்லஸ்ல குறிச்சு வச்சேன். என்னோட பட்டணம் அஞ்சும் அலுங்காம குலுங்காம இருந்துச்சு. றோசிக்கு மிச்சம் இருந்தது, வார்த்தைப்பாடு குடுக்கிற அந்த ஒரு நாள்.

ஆபீஸ்ல இப்படிக் கணக்குப் போட்டுக் குடுத்தா முதலாளி முதுகுல தட்டிக் குடுப்பார். அதே நினைப்புல பெருமையா பிலோமினாகிட்டக் காட்டினேன்.

அவ அட்லஸைப் பாத்தா. அப்புறம் குசினிக்குள்ள போயிட்டா. பின்னாலயே போனேன். அடுப்புல ஒண்ணும் இல்ல, சும்மா நின்னுக்கிட்டு இருந்தா.

"போகும்போது அவளுக்குத் தலைகூட ஒழுங்காப் பின்னத் தெரியாது. நாந்தான் பின்னிவிட்டேன்" அப்படின்னா. "எட்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் குடுக்கிய. அதுவும் பாதி நாள் அவ கோயில்ல இருப்பா. நான் அவகிட்ட என்னத்த விசாரிக்க, என்னத்த விட?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. வெக்கமா இருந்துச்சு. இவ தங்கச்சியைப் பாக்கணும்னுதான் டிக்கெட்டே வந்துச்சு. நான் அதுல ஓசியில தொத்திக்கிட்டு, அவ நாளையே நறுக்கி ஊருக்கெல்லாம் பங்கு வச்சிருக்கேன்.

ரப்பரை எடுத்தேன். வெனிஸை அழிச்சேன். அழிச்சிட்டு, இந்தத் தியாகத்துக்கு ஒரு வார்த்தை வரும்னு நின்னேன்.

"ஜெனோவா?" அப்படின்னா.

அதையும் அழிச்சேன். அப்பவும் நாள் பத்தல. நேரா பங்குச்சாமியார்கிட்ட ஓடினேன். ரோமாபுரியில படிச்சவர். நடந்தது எல்லாத்தையும் ஒப்பிச்சேன். உபதேசியார் மேலயும் ஒரு புகார் வச்சேன். சாமி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

சிரிச்சு முடிச்சிட்டு, "நீ ஏன் மடம் மடமா அலையணும்? ஊர்ப்பிள்ளை ஒருத்தி வார்த்தைப்பாடு குடுக்கா. நம்ம பிள்ளைக எல்லாத்தையும் அங்கன அனுப்பி வைங்கன்னு மடத்து மதர்களுக்கு நான் எழுதுதேன். அவளுக அங்க வந்து பொட்டலத்தை வாங்கிட்டுப் போகட்டும்" அப்படின்னார்.

இவ்வளவுதானா! இது எனக்கு ஏன் தோணல? நான் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன், அதான்.

மதர்கள் எல்லாரும் சம்மதிச்சாங்க. றோசியோட மதர் அதுக்கும் மேல ஒரு படி போனாங்க. வார்த்தைப்பாடு முடிஞ்சதும் அவளுக்குச் சில நாள் லீவு தர்றோம், அக்காகூட ரோமாபுரி வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வரட்டும்னு சொல்லிட்டாங்க. நாட்டுப்புற அஞ்சு நாள் திரும்பி வந்துச்சு. பட்டண அஞ்சு நாளும் திரும்பி வந்துச்சு. நான் வெனிஸை மறுபடியும் எழுதினேன், இந்தத் தடவை பேனாவால.

அந்த அம்மா சொன்ன மாதிரியே எங்க துணிமணியைக் குறைச்சுத்தான் எடை ஒத்து வந்துச்சு. பம்பாய் விமான நிலையத்துல ஒரு அதிகாரி எங்க பெட்டியைத் திறக்கச் சொன்னார். கொஞ்சம் திறந்ததுமே மூடச் சொல்லிட்டார். என் புதுக் கோட்டு அந்தக் கருவாட்டு வாசனையோடயேதான் இத்தாலிக்குள்ள நுழைஞ்சுது.

றோசி வார்த்தைப்பாடு குடுத்த அன்னைக்கு எங்க ஊர்ப்பிள்ளைக அத்தனை பேரும் வந்திருந்தாங்க. அம்மிக்கல்லைப் பாத்ததும் ஒரு பிள்ளை அதைக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. மடத்துக் குசினியில கருவாடு பொரிச்சதும், எங்கயோ தீப்பிடிச்சிருச்சுன்னு அக்கம்பக்கத்து ஜனங்க எட்டிப் பாத்தாங்க.

அப்புறம் பட்டணம். ஜெனோவாவுல கப்பல் பாத்தேன். வெனிஸ்ல தண்ணிக்கு மேல வீடு பாத்தேன். அக்காளும் தங்கச்சியும் எல்லா இடத்துக்கும் வந்தாங்க. வந்தாங்கன்னா, கூட நடந்தாங்க. எட்டு வருஷத்துல ஊர்ல யாருக்கு யார் வாக்கப்பட்டா, எந்த வீட்ல யாரு தவறினா, யாரு யார்கூடப் பேசுறதில்லன்னு அவங்க தூத்துக்குடியிலயேதான் இருந்தாங்க. படகுல போகும்போதும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பாத்துக்கிட்டுப் பேச்சு. அவங்க முதுகுக்குப் பின்னால இருந்த இத்தாலியை நான் மட்டும் பாத்தேன்.

ரோமாபுரி விமான நிலையத்துல ரெண்டு பேரும் பிரிய மாட்டாம அழுதாங்க. நானும்தான் அழுதேன். விமானம் மேல ஏறி ரொம்ப நேரம் கழிச்சு, பிலோமினா கண்ணைத் துடைச்சிட்டு, வாஞ்சையா என் கையைப் பிடிச்சா.

"பாவம், எனக்காக நீங்க வெனிஸைப் பாக்காமலே வந்துட்டிய."

நாங்க அங்க ரெண்டு நாள் இருந்தோம்.