ஆறாவது விரலும் குப்பை அண்ணையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடுத்தவர் கசக்கி எறிந்த கடதாசியை நீவி மடித்து, மரியாதையாக வீட்டுக்குக் கொண்டுபோன ஒரே மனிதர் எங்கள் குப்பை அண்ணைதான். மறுக்க ஆளிருந்தால் வரட்டும்!

வடிவமைப்பு டிப்ளோமா வகுப்பில் எங்களோடு படித்தவர். எல்லோரிலும் மூத்தவர், பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வருவார். வகுப்பு முடிந்து குப்பைக் கூடைக்குள் தலையை விட்டாரென்றால் பஸ் போனாலும் நிமிர மாட்டார். பொறுக்கிய தாள் ஒவ்வொன்றிலும் படம் கீறியவரின் பெயரையும் திகதியையும் எழுதி உரப்பையில் போட்டுக்கொள்வார்.

"உதென்னத்துக்கு அண்ணை?" என்று கேட்டேன்.

"மெசினுக்குக் குப்பை இல்லை, பிள்ளை. மனிசருக்குத்தான் இருக்கு."

அதற்காக அவரை மெசினுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஏ.ஐ. பாவிப்பது களவா இல்லையா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தபோது, அவர் தன் சுவரொட்டியின் மூலையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: "வள்ளம் நான் கீறினது. வானம் மெசின் கீறினது." விசாரித்த ஆசிரியரிடம், "ஒளிச்சால்தானே சேர் களவு?" என்றார். ஆசிரியர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

பிறகு சட்டம் வந்தது. சொல்லாமல் ஏ.ஐ. பாவித்தால் இறுதி வேலைக்குப் பூச்சியம்.

மாட்டியவள் நான். முழுக்கக் கையாலேயே கீறிய நாதஸ்வரக் கலைஞர் படம். பரிசோதகர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"வலக்கையிலை ஆறு விரல். இது மெசின் விடுற பிழை. பூச்சியம்."

"ஐயோ சேர், நான்தான் கீறினனான்! எனக்கு எப்பவும் ஒரு விரல் கூடிப்போகும்."

"எந்த ஊர்?"

"அளவெட்டி."

"நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டியிலை பிறந்த பிள்ளை, அதை வாசிக்கிற கையிலை ஆறு விரல் வைக்குமே? நம்பேலாது."

டிப்ளோமா இல்லையென்றால், அச்சகத்தில் எனக்கென்று வைத்திருந்த வேலையும் இல்லை.

அப்போது கதவடியில் உரப்பை சரசரத்தது. குப்பை அண்ணை! மேசையில் தாள்களைப் பரப்பினார்.

"பாருங்கோ சேர். இது முதல் வருசம், பால்காரன். ஆறு விரல். இது போன வருசம், கலியாணப் பொம்பிளை. ரெண்டு கையிலையும் ஆறு! இந்தப் பிள்ளைக்கு எண்ணத் தெரியாது சேர். களவெடுக்கவும் தெரியாது."

பரிசோதகர் தாள் தாளாக விரல் எண்ணினார். இடையில் தன் விரல்களையும் ஒருதரம் எண்ணிக்கொண்டார். ஆகக் குறைந்த புள்ளியோடு நான் சித்தியடைந்தேன்.

வெளியே வந்ததும், "அண்ணை, உந்த மானக்கேட்டைத் தாங்கோ, எரிப்பம்" என்றேன்.

"விசரே உனக்கு? உன்னைக் காப்பாத்தினதை எரிக்கிறதோ?" என்று உரப்பையை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

இன்று அச்சகத்தில் ஏ.ஐ.யும் நானும் ஒரே மேசை. அது விரலைச் சரியாகக் கீறப் பழகிவிட்டது. நான் இன்னும் எண்ணி எண்ணித்தான் கீறுகிறேன். கசக்கிய தாள்களைக் கூடையில் போடுவதேயில்லை. மாதமொருமுறை பருத்தித்துறை பஸ் ஏறி, குப்பை அண்ணையின் கையிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன். என் பிழைகளை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.