திராக்காயில் கோட்டை இருக்கிறது

பெண் பார்க்க வருகிறவர்கள் அவளுடைய பல் வரிசையிலிருந்து பாட்டன் என்ன வருத்தம் வந்து செத்தார் என்பது வரை விசாரிக்கலாம். அதற்குப் பெயர் அக்கறை. பெண் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் மட்டும் அதற்குப் பெயர் வாய். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உருத்திரபுரத்தில் நாங்கள் இருந்தபோது, ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு லித்துவேனியாவில் திராக்காய் என்ற சின்ன ஊரில் வேலை என்றார்கள். அம்மா நாட்டின் பெயரையே பழகிப் பழகித்தான் சொன்னார். வாழப்போகிற ஊராயிற்றே என்று நான் போனில் தேடித் தேடிப் படித்தேன். (சோதனைக்கு இப்படிப் படித்திருந்தால் வைத்தியராகியிருப்பேன்.) ஏரிக்கு நடுவே, தீவில் செங்கல் கோட்டை; போக மரப்பாலம். நூற்றாண்டுகளாக இடிந்து கிடந்ததைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பழைய அரசன் ஒருவன் கிரிமியாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய கரைம் சனம் இன்னும் அங்கே இருக்கிறது. அவர்களுடைய மரவீடுகளில் தெருவைப் பார்த்து மூன்று யன்னல்: கடவுளுக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, அரசனுக்கு ஒன்று. ஆட்டிறைச்சி வைத்த பற்றீஸ்கூட உண்டாம். சாப்பாட்டுக் கவலையும் தீர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வந்தார்கள். மகனுக்கு அங்கே தனி வீடு இருக்கிறது என்று தாய் சொல்லி முடிக்க, மாப்பிள்ளை வீடியோ அழைப்பில் வந்தார். ஏதாவது கேளும் பிள்ளை என்று தகப்பன்தான் பெருந்தன்மையாகச் சொன்னார். கேட்டேன்.

"கோட்டை உங்கட வீட்டில இருந்து பார்த்தால் தெரியுமோ?"

"என்ன கோட்டை?"

"ஏரிக்குள்ள இருக்கிற கோட்டை."

"இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லையே."

இல்லையா? பாலம், அரசன், மூன்று யன்னல் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அப்பா இருமினார். தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் மாப்பிள்ளை, தான் லொறி ஓடுவதாகவும், கொம்பனியின் கந்தோர் மட்டுந்தான் அந்த ஊரில் என்றும், ஒருமுறை மழைக்குள் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்ததாகவும், படுக்கை லொறிக்குள்தான் என்றும் சொன்னார். பாவம், அந்த ஒருவர்தான் உண்மை பேசினார்.

தாயின் முகம் கறுத்தது.

"பிள்ளை கனக்க விசாரிக்குது. எங்களுக்குச் சரிவராது," என்று எழும்பினார்.

இல்லாத வீட்டை இருக்கிறது என்றவருக்கு ஒன்றுமில்லை. இருக்கிற கோட்டையை இருக்கிறது என்ற நான் வாய்க்காரி. ஊரெல்லாம் இதே தீர்ப்பு.

அடுத்த சம்பந்தம் அக்கராயனில். (அவரைத்தான் கட்டினேன்.) அவர்கள் படலையைத் திறக்கும்போது, அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து ஒன்று சொன்னார். அதை இப்போது என் பிள்ளைகளும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

"அக்கராயனில குளம் இருக்கு. அது எல்லாருக்கும் தெரியும். நீ வாயைத் திறவாதை."