டோ சான் வீட்டுத் துவைகல்

தன்லியின்,
ஞாயிற்றுக்கிழமை.

சௌபாக்கியவதி தங்கச்சி தமிழரசிக்கு, அண்ணன் கருப்பையா ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் நானும் உன் அண்ணி சத்யபாமாவும் சுகம். ஆற்றுக்கு அக்கரையில், பபேடானில் நீயும் மாப்பிள்ளையும் கல்யாணப் பெண் ஆஷாவும் அவ்விதமே இருக்க அம்மன் துணை.

நிற்க. நம்ம வீடு கோயில் எல்லைக்குள் வந்துவிட்டது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரியாததா, அரிசி ஆலைக்கு வந்த நம் பாட்டன்மார் காளியம்மனுக்கு எல்லைக்கல் நட்டார்கள், எண்ணெய் ஆலைக்காரர்கள் மாரியம்மனுக்கு நட்டார்கள், நடுவில் நம் தெருவை மட்டும் அந்தக் கோயில்காரர் இந்தக் கோயில் என்பார், இவர் அந்தக் கோயில் என்பார். இரண்டு பல்லக்கும் முக்கு டீக்கடையோடு திரும்பிவிடும். பிறந்ததிலிருந்து நான் பார்த்ததெல்லாம் அம்மனின் முதுகுதான்.

போன வாரம் அடுத்த வீட்டு பர்மாக்காரம்மா டோ சான், துவைகல் ஆடுகிறது, சரிசெய்து கொடுங்கள் என்று கூப்பிட்டார். புரட்டினால் அடியில் காளியம்மன் சூலம். நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே வந்துவிட்டது. டோ சான் பாவம், "ஊ கருப்பையா, உங்க சாமிக் கல்லுலயா இத்தனை வருஷம் லோஞ்சி துவைச்சேன்?" என்று பயந்து, பூ வைத்துக் கும்பிட்டார். ஓடினேன் தர்மகர்த்தா குழந்தைவேலுவிடம். அந்த ஆளு லேசுல மசிவாரா? கல்லு நடந்து வந்திருக்கும்ங்கிறாரு. கல்லு ஆதியிலேயே அங்க நட்டதுதான்னு நான் சூடத்தைக் கொளுத்திச் சத்தியமே பண்ணிட்டேன். சரின்னுட்டாரு. இந்தத் திருவிழாவுக்குப் பல்லக்கு நம்ம வாசலுக்கு வருது தமிழரசி, அம்மன் முகத்தை நம்ம பக்கம் திருப்பி நிறுத்துறாங்க. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. இனி நாங்களும் எல்லைக்காரங்க, பத்து நாளைக்குத் தாளிக்கக் கூடாது, கவிச்சி கூடாது, ஆத்தைத் தாண்டக் கூடாது. மீன் போட்ட மொஹிங்கா போச்சேன்னு உன் அண்ணி முகம்தான் தொங்கிப்போச்சு.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். ஆஷா தீர்க்காயுசோடு நிறைந்து வாழட்டும்.

உன் அண்ணன்,
கருப்பையா

பின்குறிப்பு: இதை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "ஆத்தைத் தாண்டாம, வெள்ளிக்கிழமை ஆஷாவுக்குத் தாய்மாமன் எப்படிங்க பட்டம் கட்டுவாரு?" என்றாள். பேனாவைப் போட்டுவிட்டுத் தர்மகர்த்தாவிடம் ஓடினேன். அது வெறும் துவைகல், என் வீடு எல்லைக்கு வெளியே என்றேன். "சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணுனீங்களே?" என்றார். "அம்மன் பொறுத்துக்குவா, மருமக பொறுக்கமாட்டா" என்றேன். திரும்பும்போது டீக்கடை முக்கில் கொஞ்சம் நின்றேன், இந்த வருஷமும் பல்லக்கு இங்கேயே திரும்பிவிடும். வியாழக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடுகிறோம். கல்லை இருந்த இடத்திலேயே கவிழ்த்தாயிற்று. டோ சான் பூவை எடுத்துவிட்டுத் துணி ஊறவைத்திருக்கிறார். கல் எங்கே இருக்கிறதென்றுதான் தெரியுமே, அடுத்த வருஷம் மறுபடி கண்டுபிடித்துக்கொள்கிறேன்.