பக்கத்து கேலக்ஸியின் வணக்கம்

ஒரே ஒரு புத்தகம் படித்தவனிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் தற்காலிக அறிவியல் வாத்தியாராக இருந்த நான் அந்த ரகம். புத்தகம், வானவியல்.

பள்ளியில் கண்காட்சி வந்தது. "நல்லாப் பண்றவருக்குத்தான் நிரந்தர வேலை" என்றுவிட்டார் தாளாளர் ஃபாதர். சூரியக் குடும்பமெல்லாம் எனக்குக் கேவலமாகப்பட்டது. பக்கத்து கேலக்ஸியில் உள்ள இளம் நட்சத்திரக் கூட்டம் ஒன்றைப் பிடித்தேன். ஒவ்வொன்றும் சூரியனைவிடப் பல மடங்கு எடை; நீலமும் வெள்ளையுமாகக் கொதித்து, சீக்கிரமே வெடித்துத் தொலைகிற ஜாதி. (வயசுக் கோளாறு. எனக்கும் அதேதான்.)

நத்தம் ரோட்டில் ரேடியோ செட் வைத்திருந்த அந்தோணி அண்ணனிடம் படம் வரைந்து கொடுத்தேன். சீரியல் பல்பில் மாதாவையும் மயிலையும் கொண்டுவருவதில் அவர் மன்னன்.

"என்ன சார், பல்பைக் கீழ கொட்டிவிட்ட மாதிரி இருக்கு?"

"அது அப்படித்தாண்ணே. நடுவுல நெருக்கமா, ஓரத்துல கலைஞ்சு இருக்கணும்."

"அம்புட்டும் கோணையா இருக்கே. பாக்குறவங்க என் தொழிலைக் காறித் துப்ப மாட்டாங்களா?"

"படத்துல உள்ளபடி போடுங்க, போதும்."

கண்காட்சி அன்று காலை, வேட்டி சுற்றிய பலகை வந்து இறங்கியது. போட்டுப் பார்க்க நேரமில்லை. நான் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஃபாதர் ஒரு கல்வி அதிகாரியோடு வந்ததும், வேட்டியை உருவி, சுவிட்சைத் தட்டி, பலகைக்கு முதுகைக் காட்டி முழங்கினேன்.

"பாருங்கள்! இயற்கையின் தாறுமாறான அழகு! இதில் எந்த உருவமும் கிடையாது!"

அதிகாரி கைகூப்பினார். ஃபாதரும் கூப்பினார். என் பேச்சுக்குத்தான் இவ்வளவு மரியாதை என்று நானும் பதிலுக்குக் கூப்பினேன். பிள்ளைகள் சிரித்த பிறகுதான் திரும்பினேன். நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கைகள், குவிந்து விரிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன.

"பக்கத்து கேலக்ஸிக்காரங்க ரொம்ப மரியாதையானவங்க போல" என்றார் அதிகாரி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓரமாக நின்ற அந்தோணி அண்ணன், "உங்க பேரு கெட்டுறக் கூடாதேன்னுதான் சார் மாத்துனேன்" என்றார்.

நிரந்தர வேலை, சோடா மாவில் எரிமலை கக்கவைத்த ரீத்தா டீச்சருக்குப் போனது. இரண்டு வருஷத்தில் அந்த ரீத்தாவையே கட்டிக்கொண்டேன். (வேலையை வீட்டுக்குக் கொண்டுவர வேறு வழி தெரியவில்லை.)

கல்யாணத்துக்கும் லைட் அந்தோணி அண்ணன்தான். வாசல் வளைவில் எங்கள் பெயர்கள் ஜொலிக்கும் என்று உறவெல்லாம் அண்ணாந்து நின்றது. சுவிட்சைப் போட்டார். நீலமும் வெள்ளையுமாகப் பல்புகள். நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் கலைந்து. பெயரைக் காணோம்.

"ஏலே, பாதி பல்பு பீஸ் போயிருச்சேப்பு!" என்று மாமனார் பதறினார்.

"இந்தத் தடவை படத்துல உள்ளபடியே போட்டுட்டேன் சார்" என்றார் அந்தோணி அண்ணன், முகமெல்லாம் பல்லாக.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில், "உங்க கல்யாணத்துக்கு லைட்டுப் போட்டவன் எவன்ப்பா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ரீத்தா என் பக்கம் கையை நீட்டுவாள். நான் இரண்டு கைகளையும் குவித்து, விரித்து, மறுபடி குவித்துக் காட்டிவிட்டு இடத்தைக் காலி செய்வேன்.