என் கொடும்பாவிக்கு நானே காவல்

எனக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது. எங்கள் நிறத்தில் அது வெளியே தெரிய வழியில்லை. அதனால் சத்தம் போட்டுத்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏனென்றால் இந்தச் சம்பவத்தன்று நான் போட்ட சத்தம் வால்தம்ஸ்டோவில் மூன்று தெருக்களுக்குக் கேட்டதாகப் பலர் சொன்னார்கள். (இரண்டு தெரு இருக்கும். மூன்று என்பது புளுகு.) முப்பது வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்தாலும் பேனா கொஞ்சம் அழுத்தமாகத்தான் ஓடுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தவன் நான். என் மேசைக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். லண்டனில் ஒரு பொது மண்டபத்துக்குக் கேர்டேக்கர். கதவு திறப்பது, கூட்டுவது, நாற்காலி அடுக்குவது, மரத்தரைக்கு மெழுகு போட்டுத் தேய்ப்பது. பதவி போனாலும் கிளாக்கர் புத்தி போகவில்லை. எது நடந்தாலும் உடனே ஒரு நோட்டீஸ் அடித்துச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

வார இறுதிகளில் அந்த மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் ஒரு ஸ்பானியச் சங்கத்தார். பெரும்பாலும் வலென்சியா பக்கத்துச் சனம். ஆஸ்பத்திரிச் சமையலறைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்தவர்கள். தலைவியின் பெயர் அம்பாரோ. ஆள் ஐந்தடி, குரல் ஏழடி. அவருடைய கணவர் விசென்தே பேசவே மாட்டார். என்ன கேட்டாலும் ஒரு வைன் கிளாஸை நீட்டுவார்.

அந்தச் சனத்துக்குத் திருநாள் இல்லாத மாதமே கிடையாது. ஏப்ரலில் வந்த முதல் கிழமையே தங்கள் வசந்தச் சந்தை என்று சொல்லி, புள்ளிப் பாவாடைப் பெண்கள் நாற்பது பேர் ஆணி அடித்த சப்பாத்தோடு நான் மெழுகிய தரையில் ஏறி மிதித்தார்கள். 'குதி உயர்ந்த சப்பாத்துக்கு அனுமதி இல்லை' என்று ஒட்டினேன். ஜூனில் அருளப்பர் திருநாளுக்கு முற்றத்தில் நெருப்பு வளர்த்து அதற்கு மேலால் பாய்ந்தார்கள். விசென்தே காற்சட்டையின் பின்புறத்தைக் கருக்கிக்கொண்டு எனக்கு ஒரு கிளாஸை நீட்டினார். 'நெருப்புக்கு அனுமதி இல்லை.' டிசம்பர் இருபத்தெட்டாம் திகதி அவர்களுக்கு ஏமாற்றும் நாள். யாரோ என் முதுகில் கடதாசியில் வெட்டிய ஒரு பொம்மையை ஒட்டிவிட்டார்கள். அதோடு அப்டன் பார்க் போய், மரக்கறி வாங்கி, தெரிந்தவர்கள் எல்லோரோடும் கதைத்துவிட்டு வீடு திரும்பினேன். ஜனவரியில் பாலன் யேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்களாக வேடம் போட்டு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் மேடையில் நின்று மூட்டை மூட்டையாக இனிப்பு எறிய, பிள்ளைகள் அதை மிதித்துத் தரையோடு தரையாக்கினார்கள். இரண்டு நாள் கத்தியால் சுரண்டினேன்.

மாசியில் நடந்ததுதான் உச்சம். கறுப்புத் துணி போர்த்த பெண்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் மத்தி மீனை வைத்து, ஒப்பாரி சொல்லிக்கொண்டு போய் மண்டபத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். கார்னிவல் முடிவில் அது வழக்கமாம். மறுநாள் காலை ஒரு நரி அதைத் தோண்டி எடுத்து, முன்வாசல் படியில் பாதியை எனக்கென்று வைத்துவிட்டுப் போயிருந்தது. 'இறந்த மீன்களை மண்டப வளவுக்குள் அடக்கம் செய்தல் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது.' இங்கிலாந்தில் வேறு எந்தச் சுவரிலும் இப்படி ஒரு நோட்டீஸ் இருந்திருக்காது.

இதற்குப் பிறகுதான் அம்பாரோ வந்து, மார்ச்சில் தங்களுடைய பெரிய திருநாள் வருவதாகவும், சூசையப்பருக்காக ஒரு உருவம் செய்யப்போவதாகவும், மூன்று கிழமைக்குப் பின்னறையைத் தர முடியுமா என்றும் கேட்டார்.

“ஒரேயொரு வேண்டுகோள், மிஸ்டர் குகன். நீங்கள் உள்ளே பார்க்கக் கூடாது. மற்றவர்களையும் பார்க்க விடக் கூடாது.”

சூசையப்பர் சிலையாக்கும் என்று நினைத்தேன். கோயில் காரியம். மூன்று கிழமையும் ஒரு பிள்ளைப்பூச்சியைக்கூட அந்த அறைக்குள் விடவில்லை. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அந்த நாட்களில் என்னுடைய பழைய மண்ணிறக் கோட் காணாமல் போனது. பேட்மின்டன் விளையாட வரும் கூட்டத்தைச் சந்தேகித்து, மண்டபக் கமிட்டிக்கு இரண்டு பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன்.

அந்தத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்கள் ஊரில் இதை இரவில்தான் செய்வார்களாம். எங்கள் மண்டபத்தை ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதால் பின்னேரம் நாலு மணிக்கு வைத்துக்கொண்டார்கள். முற்றத்தில், வண்டிச் சில்லு அகலமான தட்டையான சட்டியில் அம்பாரோ காலையிலிருந்தே சோறு சமைத்துக்கொண்டிருந்தார். முயல் இறைச்சி, அவரைக்காய், குங்குமப்பூ. எண்பது பேருக்கு.

“இரண்டு மணிக்குக் கொஞ்சம் சத்தம் இருக்கும்” என்றார். பாட்டாக்கும் என்று தலையாட்டினேன்.

இரண்டு மணிக்கு முற்றத்தில் பட்டாசு வெடித்தது. எங்கள் கலியாண வீட்டுப் பட்டாசு மாதிரியல்ல. ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நெருங்கி நெருங்கி, கடைசியில் யன்னல் கண்ணாடி அதிரும்படி ஐந்து நிமிடம். நான் ஊரை விட்டு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. என் தலை லண்டனுக்கு வந்து சேர்ந்திருந்தாலும் முழங்கால்கள் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தன போலும். நினைவு வந்தபோது மடக்கு மேசைக்குக் கீழே, காதுகளைப் பொத்திக்கொண்டு, குப்புறக் கிடந்தேன். மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தவர் விசென்தே. கிளாஸை நீட்டினார். நான் வாங்கவில்லை.

எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டபோதே எனக்குள் கொதிக்கத் தொடங்கிவிட்டது. ஏன் முதலிலேயே விளங்கச் சொல்லவில்லை? ஒரு வார்த்தை, பட்டாசு என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா? அந்தக் கொதிப்போடு இரண்டு மணி நேரம் நாற்காலி அடுக்கினேன். நாலு மணிக்கு முற்றத்தில் கை தட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன்.

அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.

கடதாசியும் மரமும் பசையும் சேர்த்துச் செய்த நான். ஐந்தடி உயரம். என்னுடைய காணாமல் போன கோட். கூட்டுகிற தும்புத்தடியில் பிடுங்கிய மீசை. இடுப்பில் அட்டையில் வெட்டிய சாவிக் கொத்து, ஒவ்வொரு சாவியும் அகப்பை அளவு. வலது கை ஒரு விரலை நீட்டிக்கொண்டிருந்தது. காலைச் சுற்றி என் நோட்டீஸ்கள் எல்லாம் வரிசையாக, செத்த மீன் உட்பட. வயிறு மட்டும் என்னுடையதல்ல. அதை எங்கேயிருந்து எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“யார் இது?” என்று கேட்டேன்.

“நீங்கள்தான்” என்றார் அம்பாரோ, முகமெல்லாம் மலர.

“என்ன செய்யப் போகிறீர்கள்?”

“எரிக்கப் போகிறோம்.”

கேக் வெட்டப் போகிறோம் என்பதுபோல் சொன்னார். பக்கத்தில் விசென்தே பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு நின்றார்.

எங்கள் ஊரில் யாருக்குக் கொடும்பாவி கட்டி எரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அரிசி விலையைக் கூட்டிய மந்திரிகளை எரித்ததை என் கந்தோர் யன்னலால் பார்த்திருக்கிறேன். தரை மெழுகியவனை எரித்ததை நான் எங்குமே கேள்விப்பட்டதில்லை. அதைவிட, என் கொடும்பாவிக்கு மூன்று கிழமை நானே காவல் இருந்திருக்கிறேன். பூட்டை இரண்டு தரம் இழுத்தும் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன். இரண்டாவது வசனத்தில் ஆங்கிலம் தீர்ந்துவிட்டது.

“உங்கட குப்பை அள்ளினவனை எரிக்கிறியளோ? நான் என்ன மந்திரியே? இனிப்புச் சுரண்டினவன் நான். மீன் அள்ளினவன் நான். வீடு வாசலை விட்டிட்டு வந்து, கடைசியிலை உங்கட கையாலையோ எனக்குக் கொள்ளி?”

பேசி முடித்தபோது எண்பது பேரும் பலமாகக் கை தட்டினார்கள். அந்தத் திருநாளில் எரிப்பதற்கு முன் யாராவது உணர்ச்சியோடு ஒரு உரை ஆற்றுவார்களாம். இவ்வளவு நல்ல உரையைத் தாங்கள் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. உள்ளே ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் துடைத்து வைப்பவன் நான், அடித்துப் பார்த்ததில்லை. பந்தத்துக்குத்தான் குறி வைத்தேன். நுரை முதலில் பந்தத்தை அணைத்தது. பிறகு விசென்தேயை அணைத்தது. அந்தக் குழாய் ஒரு பாம்பு போலத் திமிறியது. நான் இடப்பக்கம் திரும்ப, மிச்சம் முழுவதும் சோற்றுச் சட்டிக்குள் இறங்கியது.

காலையிலிருந்து கிளறாமல், மூடாமல், பக்குவம் பார்த்த சோறு. அதன்மேல் வெள்ளை வெளேரென்று நுரை. அம்பாரோ கரண்டியைப் பிடித்தபடி சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கோபத்தில் இருப்பவனுக்குத் திரும்பிப் போகும் வழி கண்ணில் படாது. போய் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். கோட்டோடு, மீசையோடு, நீட்டிய விரலோடு வெளியே நடந்து, வீட்டுக்குப் போகும் எட்மண்டன் பஸ்ஸில் ஏறினேன்.

டிரைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இரட்டையரா?” என்றார்.

உருவத்தை யன்னலோரம் இருத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். நடுவழியில் ஏறிய ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் பை எங்கள் மேல் இடித்தது. அவர் அதனிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி மலர்தான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். தோளில் இருந்ததைப் பார்த்தார்.

“என்னப்பா, எரிக்கேல்லையோ?”

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். “உமக்குத் தெரியுமோ?”

“ஓம். அம்பாரோ போன் பண்ணிக் கோட் கேட்டவ. நான்தான் குடுத்தனான்.”

“நான் கமிட்டிக்கு ரெண்டு பக்கம் முறைப்பாடு எழுதியிருக்கிறன்.”

“அந்தக் கோட்டை எப்ப எரிக்கலாம் எண்டு நாலு வரியமாப் பாத்துக்கொண்டிருந்தனான். நல்ல சந்தர்ப்பம் எண்டு குடுத்திட்டன்.”

“புருசனை எரிக்கக் குடுத்திருக்கிறீர்.”

“எங்கட சூரன் போர் மாதிரி ஒரு விளையாட்டு எண்டு நினைச்சன்.”

“அப்ப நான் சூரனோ?”

மலர் உருவத்தைச் சுற்றி வந்து பார்த்தார். “விரல் சரி. மீசையும் சரி. வண்டிதான் கொஞ்சம் குறைச்சுப் போட்டினம்” என்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்றிரவு வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினேன். என் கந்தோர் ஆங்கிலத்தில் மிகக் கண்ணியமான மூன்று பக்கம். மறுநாள் காலை தபாலில் போடப் புறப்பட்டபோது வாசலில் அம்பாரோ நின்றார். கையில் துணி சுற்றிய ஒரு சோற்றுச் சட்டி. பின்னால் விசென்தே, கிளாஸ் இல்லாமல்.

உள்ளே வந்து கதிரையில் இருந்ததும் அவரே தொடங்கினார்.

“நீங்கள் மேசைக்குக் கீழே கிடந்ததை இவர் நேற்று இரவுதான் சொன்னார். எங்கள் ஊரிலும் ஒரு சண்டை நடந்தது. என் அம்மா சாகும்வரை இந்தத் திருநாளில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேதான் இருந்தார். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “உருவத்துக்குக் கேட்கமாட்டேன். அது நல்ல உருவம். எங்களுடைய ஆட்களைத்தான் நாங்கள் எரிப்போம். தெரியாதவனுக்கு யார் அவ்வளவு பசை செலவழிப்பார்கள்?”

நான் சோற்றுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

“இன்னொன்று,” என்றார் எழும்பும்போது. “ஊரில் ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு உருவத்தை வாக்குப் போட்டு நெருப்பிலிருந்து காப்பாற்றுவது வழக்கம். நேற்று நீங்கள் போன பிறகு, நுரையைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் வாக்குப் போட்டோம். உங்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டிருக்கிறது.”

போன கோபம் திரும்பி வந்துவிட்டது. என்ன குற்றத்துக்கு மன்னிப்பு? நான் என்ன செய்தேன்? கேட்பதற்குள் மலர் அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்துவிட்டார்.

கடிதத்தைப் போடவில்லை. அந்த மண்டபத்தில் பிறகு பதினொரு வருடம் வேலை செய்தேன். மன்னிக்கப்பட்ட உருவத்தை எரிக்கவோ எறியவோ கூடாதாம். அதனால் அது எங்கள் வீட்டு மாடியில், உடுப்பு அலுமாரிக்குள் நிற்கிறது. இரண்டு முறை வீடு மாறியபோதும் எங்களோடு கூடவே வந்தது. லொறிக்காரர்களிடம் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

மகள் சுபா கலியாணம் செய்து வேறு வீட்டில் இருக்கிறாள். அவள் போன் எடுக்கும் நேரம் பார்த்து நான் எதற்காவது கத்திக்கொண்டிருப்பேன். கவுன்சில் கடிதம், குப்பை வண்டி, ஏதோ ஒன்று. தாயிடம் அவள் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

“அம்மா, பக்கத்திலை நிக்கிறது எந்த அப்பா?”

மலர் என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

“நல்லவர் மேலை அலுமாரிக்குள்ளை நிக்கிறார், பிள்ளை. இது மற்றவர்.”