எதிர் வீட்டுக் கொடி

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. அக்காவின் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான், என் மனைவி, கடை மூவரும் சௌக்கியம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் அவள் காதில் விழும். தவிர, முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர் நீங்கள்; விஷயம் உங்கள் இலாகாவைச் சேர்ந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை கிடையாது. ஒற்றை ஷட்டர் ஆணிக்கடையை மூன்று ஷட்டர் ஹார்டுவேர் கடையாக்கியவன் நான். எதிர் வீட்டு டிராயிங் வாத்தியாரின் பிஸ்கட் டின்னைப் பார்த்து எனக்கென்ன பொறாமை? அந்த மனுஷன் ரிட்டையர் ஆன கையோடு கடைக்கு வந்து, தள்ளிவிட்ட இடத்திலேயே நிற்கிற மாதிரி கீல் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பதினோரு வருஷமாக ஒரு பெட்டி நிறைய இருந்தது. அதை மாட்டினால் கதவு பாதியில் நின்றுவிடும் என்று ஒருத்தரும் வாங்காத சரக்கு. தொல்லை விட்டது என்று நாலு கீலைச் சும்மாவே கொடுத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? பிஸ்கட் டின்னைக் கேட்டில் தபால்பெட்டியாக மாட்டி, பக்கத்தில் அந்தக் கீலை வைத்து, பள்ளிக்கூடத்து அடிஸ்கேலுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொடியாகப் பொருத்திவிட்டார். தபால்காரம்மா மூடியைத் திறந்து கடிதம் போட்டால் மூடியில் கட்டிய கம்பி இழுத்து ஸ்கேல் நிமிரும்; கீல் அதை அப்படியே நிறுத்திவிடும். தபால் வந்திருப்பது வீட்டுக்குள்ளிருந்தே தெரியும். அவ்வளவுதான் வித்தை. இதற்குத் தெருவே கூடி நின்று பார்க்கிறது. மருந்துக்கடைக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதுகூடப் போகட்டும். என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் கத்தியும் கையுமாக நின்றுகொண்டு என் மனைவி, "ஏங்க, எந்திரிச்சிடுச்சு பாருங்க! என்ன கை அந்த மனுஷனுக்கு!" என்கிறாள். இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் ஒழுகின குழாய், இறங்கின தாழ்ப்பாள் எல்லாம் சரிசெய்தது எந்தக் கை?

"அது என் கடைக் கீலுடி" என்றேன்.

"உங்க கடையில பதினோரு வருஷம் சும்மாதானே கிடந்துச்சு. நீங்க அதை வச்சு என்ன பண்ணீங்க?" என்றாள்.

சாப்பாடு இறங்கவில்லை, அத்தான்.

நானும் ஒரு பெட்டி செய்தேன். பொறாமையில் இல்லை, தொழில் மானத்துக்காக. கனத் தகரம், பித்தளைத் திருகாணி, மூடிக்கு ஷட்டர் ஸ்பிரிங். கொடியெல்லாம் கிடையாது, மூடி திறந்தாலோ அமுங்கினாலோ வீட்டுக்குள்ளே மணி அடிக்கும். ஏதோ ஒரு தொழிற்சாலை ஆர்டர் கொடுத்து வாங்காமல் விட்ட பெரிய மணி. முதல் நாள் அது அடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று கைக்குழந்தையோடு தெருவுக்கு ஓடி வந்தார். அடித்தது தபாலால் அல்ல, மூடிமேல் பூனை உட்கார்ந்ததால். மறுநாள் தபாலே வந்தது. ஆனால் ஷட்டர் ஸ்பிரிங் தபால்காரம்மாவின் நாலு விரலையும் கவ்விப் பிடித்துக்கொள்ள, அவர் இன்னொரு கையால் கேட்டைத் தட்ட, மணிச் சத்தத்தில் அது எங்களுக்குக் கேட்கவே இல்லை. "உங்க பெட்டி கடிக்குதுங்க, இனிமே நான் கிட்டயே வரமாட்டேன்" என்று சொன்னவர், அன்றிலிருந்து என் தபாலையும் வாத்தியார் பெட்டியிலேயே போட ஆரம்பித்தார். என் கரண்ட் பில்லுக்கு அங்கே கொடி எழும்புகிறது! என் இன்சூரன்ஸ் நோட்டீசுக்கு அங்கே கொடி! வாத்தியார் அதைச் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து கொடுப்பார். இவள், "பாவம், வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க" என்பாள்.

ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தேன். தபால்காரம்மாவிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். மறுபடி போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். இப்போது என்ன சங்கடம் என்றால், எனக்குக் கடிதம் எழுத ஆளில்லை. எல்லாரும் போனிலேயே பேசிவிடுகிறார்கள். நேற்று ஒரு கவரை நானே எடுத்துப் போய்ப் பெட்டியில் போட்டேன். மணி அடித்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குங்க லெட்டர்?"

"எனக்குத்தான்."

"யாரு போட்டது?"

"நான்தான்."

வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆகவே அத்தான், நாளுக்கு ஒரு கடிதம் வீதம் எனக்கு எழுதுங்கள். வெறும் தாள் வைத்து ஒட்டினாலும் போதும். ஒரே ஒரு தடவை அவள் என் பெட்டியைப் பார்த்து "என்ன கை!" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எதிர் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் நீண்ட நாள் இருக்கட்டும்.

பொறாமை என்பதே அறியாத,
உங்கள் மைத்துனன்

பி.கு.: இதை ஒட்டாமல் வைத்து நாலு நாளாகிறது. அதற்குள் வாத்தியாரே வீடு தேடி வந்தார். "கண்ணு மங்கிடுச்சுங்க, கொடி நிக்குதா படுத்துருக்கான்னு தெரியல. உங்க மணி எங்க சமையல்கட்டு வரைக்கும் கேக்குது. உள்ளதைச் சொல்றேன், எனக்கு ஒரே பொறாமை" என்றார். அத்தான், அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ கரைந்துவிட்டது. என் பெட்டியை அங்கேயே கழற்றி மணியோடு அவர் கையில் கொடுத்தேன். அவர் தன் பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். இரண்டையும் இருவருமாகச் சேர்ந்தே மாட்டினோம். அவரைப் போல நல்ல மனுஷன் இல்லை. எனவே கடிதம் எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பின்குறிப்பை ஆரம்பித்தேன். ஆனால் இப்போதுதான் எதிர் வீட்டில் மணி அடித்தது. சத்தம் குறைய மணிக்குள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தாராம், அவ்வளவுதான். இவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டாள். "அதே மணிதான், அவர் கைக்குப் போனதும் எவ்வளவு இனிமையா இருக்கு பாருங்க!" என்றாள். என் கேட்டில் கொடி படுத்துக் கிடக்கிறது. நாளுக்கு இரண்டு கடிதமாகப் போடுங்கள்.