ஒத்திகைக்குப் போன சரக்குத்தூள்

உடுப்பிட்டி
செவ்வாய்க்கிழமை

பாசமுள்ள அக்கா இராசமலருக்கு,

தம்பி தில்லைநாதன் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் நோவு நீங்கலாக நானும் உங்கள் மச்சாளும் சுகம். திருச்சியில் நீங்களும் அத்தாரும், முக்கியமாக நாள் கிட்டியிருக்கும் மருமகள் தக்சாயினியும் சுகமாயிருக்கச் சந்நிதி முருகனை மன்றாடுகிறேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி வைக்க ஊர்ச் சரக்குத்தூள்தான் வேண்டும், கடைத்தூள் சரிவராது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மச்சாளும் மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்துக் கட்டித் தந்தாள். அந்தத் தூள் இப்போது துறைமுகத்தில் முத்திரை குத்தப்பட்டுக் கிடக்கிறது. காரணம் நான்தான். போனில் சொல்லத் தைரியமில்லாமல் எழுதுகிறேன், கோபிக்காமல் முழுவதையும் வாசியுங்கள்.

அக்கரைக்குக் கப்பலில் சாமான் கொண்டுபோகும் சட்டங்கள் மாறிவிட்டன. அடுத்த மாதம் தொடக்கம் ஒவ்வொரு பொதிக்கும் என்ன, ஆருடையது, ஆருக்கு என்று படிவம் நிரப்பவேண்டுமாம். அதற்குச் சுங்கக்காரர் பழகிப் பார்க்க ஒரு ஒத்திகை வைத்தார்கள். பயணிகளாக நடிக்க முதியோர் சங்கத்தில் பத்துப்பேர் கேட்டார்கள், நானும் பேர் கொடுத்தேன். பெட்டிக்குள் பழைய உடுப்பு வைத்தால் போதும் என்றார்கள். ஆனால் தில்லைநாதன் பெட்டியோடை துறைமுகத்துக்குப் போறான் எண்ட கதை விடியமுதல் ஊர் முழுக்கப் பரவிப்போச்சு. ஏரம்பு அண்ணை பனம்பழப் பனாட்டோடை வந்தார். யாகோப்பு மண்டபம் முகாமிலை இருக்கிற மகளுக்கெண்டு கருவாடு கொண்டுவந்தான். "உது ஒத்திகை, கப்பலே இல்லை" எண்டு தொண்டை கிழியக் கத்தினன். "ஓம் ஓம், விளங்குது, சின்னப் பார்சல்தானே" எண்டு வைச்சிட்டுப் போட்டினம். ஆராவது பயணம் போறதெண்டால் பார்சல் குடுத்தே பழகின சனம், நான் ஆரை நோக? கடைசியா, ஒருதரும் பாராத நேரம் எங்கடை தூளையும் உள்ளுக்கு வைச்சன். கப்பல் வந்தாலும் வரும் எண்டு ஒரு நப்பாசை அக்கா.

அங்கை மேசையிலை லவீனா எண்டு ஒரு பிள்ளை. பெட்டியைத் திறந்தால் பதினேழு பார்சல்.

"ஐயா, பெட்டியை நீங்களோ அடுக்கினது?"

"இல்லைப் பிள்ளை, ஊர் அடுக்கினது."

"இதுக்குள்ளை என்ன கிடக்கு?"

"எனக்கும் தெரியாது. உடைச்சுப் பாப்பமே?"

மற்ற ஒன்பது பேரும் சோத்துப் பார்சலை வாங்கிக்கொண்டு வீட்டை போட்டினம், நான் மூண்டு மணித்தியாலம் நிண்டன். கருவாட்டை அவிழ்க்க, மோப்ப நாய் மற்ற வேலையெல்லாத்தையும் விட்டிட்டுது. பிறகு எங்கடை தூள் வெளியிலை வந்துது. நாலு ஆம்பிளை அதிகாரியள் குனிஞ்சு பாக்கினம். மெதுவா, "பிள்ளை பெத்த ஆக்களுக்கு" எண்டன். லவீனா தூளை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பாத்திட்டு, "எனக்கும் அம்மா இதுதான் தந்தவ, மகனுக்கு இப்ப எட்டு மாசம்" எண்டு சிரிச்சாள். இனித் தந்திடுவாள் எண்டு கையை நீட்டினன். பேரில்லாத தூள் பரிசோதனைக்குப் போகவேணுமாம், சிரிச்சபடியே முத்திரை குத்திப்போட்டாள். பெரிய அதிகாரி வந்து என்ரை கையைப் பிடிச்சு, "உங்களாலைதான் ஐயா நாங்கள் எல்லாம் படிச்சம், அடுத்த ஒத்திகைக்கும் கட்டாயம் வாங்கோ" எண்டார்.

அக்கா, நீங்கள் அங்கை போய் முப்பத்தைஞ்சு வருசம். இவ்வளவு காலத்திலை என்னட்டை வாய்விட்டுக் கேட்ட ஒரே சாமான் இது. அதையும் துலைச்சுப்போட்டு இருக்கிறன், நினைக்க அழுகை வருது. இப்போதைக்குக் கடைத்தூளையே குடுங்கோ. ஒண்டு மட்டும் சத்தியம்: இனி ஆரின்ரை பார்சலையும் தொடமாட்டன், என்ரை பார்சலை ஆரின்ரை தலையிலையும் கட்டமாட்டன். உந்தப் பழக்கம் எங்கடை சனத்தை விட்டு ஒழியவேணும்.

அத்தாருக்கு என் வணக்கம். தக்சாயினிக்குச் சுகப்பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நீடு வாழ எங்கள் இருவரின் ஆசியும்.

இப்படிக்கு,
தம்பி தில்லைநாதன்

பி.கு: கடிதத்தை ஒட்ட முதல் உங்கள் மச்சாள் வாங்கி வாசித்தாள். எழும்பிப் போய்த் திரும்பவும் வறுத்து இடித்துக் கட்டிவிட்டாள். பொன்னம்பலம் மாஸ்ரரின்ரை மகன் ஜெயதீபன் நாளைக்குப் பிளேனிலை திருச்சிக்கு வாறான். "கடிதம் மட்டும் தாங்கோ மாமா" எண்டவன். கடிதத்துக்குக் கீழை ரெண்டு கிலோ தூள் கட்டியிருக்கு. லவீனாப் பிள்ளைக்குப் போன் எடுத்துக் கேட்டு என்ன, ஆருடையது, ஆருக்கு எல்லாம் வடிவா எழுதி ஒட்டியிருக்கிறன். கொஞ்சம் இடமிருந்தபடியால், துறைமுகத்திலையிருந்து திரும்பி வந்த ஏரம்பு அண்ணையின்ரை பனாட்டும் வருது. அவனுக்கு இன்னும் சொல்லேல்லை. வந்தவுடனை முதல் ஒரு தேத்தண்ணி குடுங்கோ, பாவம்.